லாஸ் கிடையாது, லேட்டன்சி மட்டும்தான்

அந்த அக்கா யாரையும் நல்லவர், கெட்டவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாஸ் என்பார், இல்லாவிட்டால் ஃபெயில் என்பார். அதற்குமேல் விவரம் கேட்டால்தான் ஆபத்து. "உங்க மாமியார் எப்படிக்கா?" என்று பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அது ஃபுல் டூப்ளெக்ஸ்" என்றார் அக்கா.

அந்தப் பெண் ஏதோ மாடி வீட்டு வகை என்று நினைத்துக்கொண்டு, "சொந்த வீடாக்கா, லீஸா?" என்றாள்.

ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். ஹாஃப் டூப்ளெக்ஸ் என்றால் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பேசினால் மோதிக்கொண்டு இருவர் பேச்சும் வீண். அக்காவின் மாமியார் திட்டிக்கொண்டே இருப்பாராம். அதே நேரத்தில் அக்கா பதிலுக்கு முணுமுணுப்பதும் ஓர் எழுத்து விடாமல் அவர் காதில் விழுமாம். "நானும் திட்டிகினே கீறேன், அதுவும் திட்டிகினே கீது, நடுவுல ஒரு வார்த்த வேஸ்ட் ஆவறதில்ல. இன்னா மிஷினு பாரு!" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

இதெல்லாம் வைட்ஃபீல்டில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில். தொண்ணூறுகளின் கடைசி. ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டிகளை அங்கே பூட்டி அனுப்பினோம். முகத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டைக்கு மேலும் ஒரு பச்சை விளக்கு. அந்தப் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, என்னைப் படாதபாடு படுத்திவிட்டார். "எங்க பையன் சுவிட்ச் கம்பெனில கீறான்" என்று அம்மா எங்கள் ஜீவனஹள்ளி முழுக்கச் சொல்லி வைத்ததில், தெருவில் எந்த வீட்டு ஃபேன் சுவிட்ச் பழுதானாலும் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிடுவார்கள். அது வேறே சுவிட்ச் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிடுவேன். கைராசிக்காரன் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

அக்காவும் நானும் டெஸ்ட் பெஞ்சில் வேலை செய்தோம். இருவருக்கும் பள்ளிக்கூடப் படிப்புதான். அக்கா கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். ஆனால் அங்கே எல்லாருக்கும், தலை நரைத்த மேனேஜருக்குக்கூட, அவர் அக்காதான். அவருக்கு அழகான பெயர் உண்டு. கேட்காமல் எழுதுவது சரியாகப் படவில்லை, விட்டுவிடுகிறேன்.

வேலை இதுதான். பூட்டிய சுவிட்சை மேசையில் வைத்து டெஸ்டரோடு ஒயரால் இணைப்போம். டெஸ்டர் ஓர் ஓட்டை வழியாகச் செய்தியைப் பொட்டலம் பொட்டலமாக உள்ளே தள்ளும். இன்னோர் ஓட்டை வழியாக வெளியே வருவதைப் பிடித்துக் கணக்குப் பார்க்கும். அந்தப் பொட்டலத்துக்கு ஃப்ரேம் என்று பெயர். உள்ளே போனது வெளியே வராமலே போனால் லாஸ். வந்து, ஆனால் தாமதமாக வந்தால், அந்தத் தாமதம் லேட்டன்சி. ஒன்றுகூடச் சிந்தாமல் எவ்வளவு வேகத்தில் அனுப்ப முடிகிறதோ அது த்ரூபுட். ஒரு மத்தியானம் இன்ஜினியர் சார் கன்னடமும் தமிழும் கலந்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான் தலையாட்டிவிட்டுச் சாயங்காலமே பாதியை மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. டிபன் டப்பாவோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "எங்க வூட்டுக்காரரு லூப்பேக்குடா" என்றார்.

போன செய்தி போன வழியே திரும்பி வருவது லூப்பேக். அவர் கணவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்றால், "சாப்பிட்டீங்களான்னா கேக்கற?" என்பாராம். "ஆமா, சாப்பிட்டீங்களா?" என்றால், "ஆமாவா, சாப்பிட்டனான்னா கேக்கற?" என்பாராம். இத்தனை வருஷமாக இந்த மனுஷருக்குக் காது மந்தமா, புத்தி மந்தமா என்று புரியாமல் அழுதுகொண்டிருந்தாராம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் கோபமே போய்விட்டதாம். "சாமானே அப்பிடித்தான். அதாண்ட போய் சண்ட போட்டா நாமதான் பைத்தியம்."

எனக்கு அன்றுதான் அவரைப் புரிந்தது. ஒருவரைப் பற்றி ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், அக்கா அவரை மன்னித்துவிடுவார்.

டெஸ்டில் இருக்கிற சாமானுக்கு டி.யூ.டி. என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். மூன்று எழுத்தையும் சேர்த்து அக்கா 'டட்டு' என்று வாசித்தார். "அந்த டட்ட எட்து இங்க வை" என்பார். கொஞ்ச நாளில் மனிதர்களும் டட்டு ஆனார்கள். புது மேனேஜர் வந்த அன்று கண்ணாடி வழியாகப் பார்த்து, "டட்டு வந்துச்சி. சூடாவுதான்னு பாப்போம்" என்றார். சூடானார். ஆனால் பாஸ்.

கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரை வரிசையில் நின்றபடியே அளந்துகொண்டிருப்பார். வரிசை நீளமானால் அந்த மனிதர் வேகமாக ஊற்றுவார், பாதி தட்டிலும் பாதி நம் சட்டையிலும் விழும். "அண்ணா, ஸ்பீடு கீது, த்ரூபுட் இல்ல" என்று அவரிடமே சொல்லிவிட்டார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அக்காவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் கீழே.

ஒருமுறை சிவாஜிநகருக்கு நான் ஃபேன் சுவிட்ச் வாங்கவும் அக்கா துணி வாங்கவும் சேர்ந்து போனோம். புடவைக் கடை பாய் ஒரு புடவையை விரித்துக் காட்டினார். "இதுல பச்ச?" என்றார் அக்கா. பச்சை வந்தது. "பார்டர் பெருசா?" வந்தது. "பூ இல்லாம?" வந்தது. "பூவோட, பார்டர் இல்லாம?" மூச்சு விட இடைவெளி கொடுக்காமல் கேட்டுக்கொண்டே போனார். அவரும் விடாமல் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மேசைமேல் புடவை மலை. பாய் தலை மட்டும் தெரிந்தது.

"ஏன்மா, எதாச்சும் எடுக்கறீங்களா இல்ல நக்கோவா, வேணாமா?" என்றார் பாய் மலைக்குப் பின்னாலிருந்து.

"இல்ல பாய், சும்மா. பேக் டு பேக் டெஸ்ட்."

"இன்னாது?"

"கேப் வுடாம அனுப்பினா எவ்ளோ தாங்குதுன்னு பாக்கறது. நீங்க ஃபர்ஸ்ட் க்ளாஸ் பாஸ்."

நான் அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டேன். பாய் என்ன சொன்னார் என்று தெரியாது. அக்கா வெளியே வந்தபோது கையில் ஒரு புடவை இருந்தது. "அவரு என்னயே டெஸ்ட் பண்ணிட்டாருடா" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது ஏதாவது கேட்டால் பதில் உள்ளே தயாராகிவிடும். வாய்க்கு வந்து சேர நேரமாகும். காலையில் "டீ குட்ச்சியா?" என்று அக்கா கேட்பார். நான் "குடிச்சேங்க்கா" என்று சொல்லும்போது அவர் பெஞ்சின் மறுகோடிக்குப் போய் வேறொருவரிடம் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். சிலர் மக்கு என்றார்கள். அக்கா கொஞ்ச நாள் என்னைக் கவனித்தார். காலையில் கேட்டதற்குப் பதில் வருகிறதா, எப்போது வருகிறது என்று பார்த்தார். பிறகு எல்லார் முன்னிலையிலும் தீர்ப்புச் சொன்னார்.

"யாரும் இவன ஒண்ணும் சொல்லாதீங்க. இவனாண்ட லாஸ் கிடையாது, லேட்டன்சி மட்டும்தான். லேட்டா வரும், ஆனா கேட்டதுக்கு எல்லாத்துக்கும் வரும். ஒண்ணு கூட வுட்டுப் போவாது."

என்னைப் பற்றி யாரும் அதுவரை அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. நன்றி சொன்னேன். மத்தியானம்.

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் பதில் சொன்னபோது வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். கேட்டது அங்கே படுத்திருந்த நாய் மட்டும்தான். இன்னொரு வீட்டில், "ஊமைப் பையன மறைச்சிக் கட்டப் பாக்கறீங்களா?" என்று அம்மாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நான் பேசுவேன் என்பதை அவர்களுக்கு நிரூபிக்க நினைத்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா ஒருநாள் கம்பெனி வாசலுக்கே வந்து அக்காவிடம் அழுதார். "எனக்கப்புறம் இவன் சோத்துக்குக்கூட கேட்டு வாங்க மாட்டாம்மா. வாயத் தெறக்கறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும்."

"வுடுங்கம்மா. எங்க லைன்லயே ஒரு பொண்ணு கீது. நான் பாத்துக்கறேன்."

லைன் என்பது தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் வீட்டு வரிசை. அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர். சுரங்கத்துக்குள்ளே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் விமலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ரயிலேறிப் போனோம். "ஒண்ணும் பயப்படாத. நீ டட்டு, அவ்ளோதான். அசையாம உக்காந்திரு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று அக்கா ஸ்டேஷனிலேயே தைரியம் சொன்னார்.

விமலா டீ கொண்டுவந்து வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போவதுபோல உதடு பிரிந்தது. கேட்கவில்லை. அப்படியே திரும்பிப் போய் உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் மட்டும் எப்படியாவது ஒழுங்காகப் பேசிவிட வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

பெரியவர் ஊர், உறவு எல்லாம் அம்மாவிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு தண்ணி கிண்ணி பழக்கம் உண்டா?"

இல்லை என்கிற ஒரே ஒரு சொல். வேறெந்தக் கேள்விக்கு யோசித்தாலும் இதற்கு மட்டும் யோசிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அது தெரிந்ததால் இன்னும் தாமதமானது. பெரியவரின் புருவம் மெதுவாக மேலே போனது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். எனக்கு வியர்த்தது, அது குடிகாரனின் வியர்வை மாதிரியே இருந்திருக்க வேண்டும்.

அக்கா குறுக்கே வந்தார். "மாமா, தப்பா எட்துக்காதீங்க. அவனுக்கு லேட்டன்சி கீது."

பெரியவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாது?"

"லேட்டன்சி மாமா. லாஸ் கிடையாது, லேட்டன்சி மட்டும்தான்."

"எத்தினி நாளா கீது?"

"சின்னதுலேர்ந்தே. இல்லம்மா?"

என் கூச்சத்தைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து அம்மாவும் தலையாட்டினார். "பொறந்ததுலேர்ந்தே இவன் இப்பிடித்தாங்க."

"டாக்டராண்ட காமிச்சீங்களா?"

பெரியவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்து அக்கா சிரித்தார். "டாக்டரு இன்னாத்துக்கு மாமா? நான்தான் தெனம் டெஸ்ட் பண்றனே."

"கொறையாதா?"

"கொறையாது. அது உள்ளயே கீறது. கூட இருந்து பழகிட்டா ஒண்ணும் தெரியாது."

பெரியவர் உள்கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "பொறக்கற புள்ளைங்களுக்கும் வருமா?"

"வரும்னுதான் நெனைக்கறேன். இவங்கப்பாவுக்கும் இருந்துச்சாமே?"

"அவருக்கு இதவிட ஜாஸ்தி" என்றார் அம்மா. "கடைசி வரைக்கும் இருந்துச்சி. அதோடதான் போய்ச் சேந்தாரு."

பெரியவருடன் சுரங்கத்தில் இறங்கியவர்களில் சிலருக்கு நெஞ்சு கெட்டுப்போனது. டாக்டர் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார் என்றால் அந்த மனிதர் அதிக நாள் இருக்கமாட்டார் என்பது அவர் கண்ணால் கண்டது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் எதையோ தவறாக எடுத்துக்கொண்டார் என்று அப்போதே புரிந்துவிட்டது. 'அது வியாதி இல்லீங்க' என்று நான் சொல்ல வேண்டும். அக்கா ஒன்றும் தெரியாமல் மகிழ்ச்சியாக முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் எழுந்து வந்து என் தலையைத் தொட்டு, "நல்லாருப்பா" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

ரயில் பங்காருபேட்டையில் நின்றபோது, "அது வியாதி இல்லீங்க" என்றேன். எதிரில் கூடை வைத்திருந்த கடலைக்காரர், "சரிங்க" என்றார்.

திங்கட்கிழமை அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பெரியவர் எனக்குக் கொடுத்தனுப்பியது. "பையன நல்லாப் பாத்துக்கோங்க, பொண்ணு குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாதான பேசினாரு? எல்லாம் வெவரமா கேட்டாரே?" என்றார். அரை நாள் கழித்து நான் சொன்னேன்: "வியாதின்னு நினைச்சிட்டார்க்கா." அக்கா நின்ற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் என்ற கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிள்ளைகள் என்ற இடத்துக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பெரியவரிடம் போய் விளக்கினாராம். "மாமா, அது மனுசங்களுக்கு வர்றது இல்ல. பெட்டில வர்றது" என்று.

பெரியவர், "பெட்டி வரைக்கும் போயிடுச்சா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். அவர்கள் பக்கத்தில் பெட்டி என்றால் கடைசியில் படுக்க வைக்கிற பெட்டிதான்.

செய்தி லைன் முழுக்கப் பரவியது. ஓர் ஓட்டையில் விழுந்த செய்தி எல்லா ஓட்டைகளிலும் போவதை பிராட்காஸ்ட் என்போம். எங்கள் பெட்டி எதுவும் இந்த வேகத்தில் செய்ததில்லை. நான் காலையில் பட்டணத்திலிருந்து வரும் ரயிலில் முன்னதாகவே வைட்ஃபீல்டில் இறங்கி, அக்காவின் ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நிற்பது வழக்கம். இப்போது அந்த ரயில் வந்து நின்றால் பெண்கள் பெட்டியின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள். "அதோ, அந்தத் தம்பிதான்." "பாத்தா ஒண்ணும் தெரியலியே?" "வெளிய தெரியாதாம், உள்ளயே கீறதாம்." ஓர் அம்மாள் ஜன்னல் வழியாக வேகவைத்த முட்டை நீட்டினார். வேண்டாம் என்று சொல்வதற்குள் ரயில் போய்விட்டது. முட்டை கையில் இருந்தது. இப்படியே அந்த மாதம் நிறைய முட்டை சாப்பிட்டேன்.

இதைவிடக் கஷ்டம், அக்கா அந்தச் சொற்களை விட்டுவிட்டார். யாரையும் அளக்கவில்லை. சாம்பார் சட்டையில் விழுந்தால் துடைத்துக்கொண்டு போனார். இன்ஜினியர் சார் ஒரு பெட்டியைக் காட்டி, "ஏனம்மா, லேட்டன்சி எஷ்டு, எவ்வளவு?" என்று கேட்டதற்கு, "கொஞ்சம் மெதுவா வருது சார்" என்றார். சார் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, டெஸ்டரையும் ஒருமுறை பார்த்தார். வீட்டில் கணவர், "சாப்பிட்டீங்களான்னா கேக்கற?" என்றதற்குத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டாராம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரையும் பொறுத்துக்கொண்டிருந்தவர், அந்தச் சொல் போனதும் சாதாரண ஆளாகிவிட்டார். "உன் வாழ்க்கய நானே கெட்த்துட்டன்டா" என்று ஒருநாள் சொன்னார். இல்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத்தான் தெரியுமே.

ஒரு காலை அந்த ரயிலில் விமலா இருந்தாள். பட்டணத்தில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாளாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா இறங்கிக் கூட்டத்தில் வந்துகொண்டிருந்தார். விமலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஊதியது. அப்போதுதான் கேட்டாள்.

"நெஜமாவே வியாதியா?"

நான் வாயைத் திறந்தேன். ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியின் விளக்கு மறைந்தபிறகு, "இல்லைங்க" என்றேன்.

மறுநாள் ஜன்னல் எதிரே வருகிற இடமாகப் பார்த்து முன்கூட்டியே நின்றேன். ரயில் நின்றதும் சொன்னேன். "இல்லைங்க. எனக்குப் பேச்சு கொஞ்சம் லேட்டா வரும். அவ்வளவுதான்." ராத்திரி முழுக்கத் தயார் செய்த பதில், அதனால் சுத்தமாக வந்தது. பக்கத்து ஜன்னலில் இருந்தவர்கள் முட்டையை நீட்டிய கையோடு அப்படியே நின்றார்கள். விமலா நிமிர்ந்து பார்த்தாள். உதடு பிரிந்தது. ரயில் போய்விட்டது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நடந்தார்.

அதற்கு அடுத்த நாள் ரயில் நின்றது. விமலா தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்.

"எனக்கும் அப்பிடித்தான்."

அதற்கு நான் மறுநாள் "அப்படிங்களா" என்றேன். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம், ஒரு நாளைக்கு ஒருவர். அந்தப் பெட்டியில் வந்த பெண்களுக்குப் பொறுமையே போய்விட்டது. "ஏம்மா, சீக்கிரம் சொல்லேன், நாளிக்கி எனக்கு லீவு, பதில் தெரியாம போயிடும்" என்று ஒரு பாட்டியம்மா அவளை இடித்ததை நானே கேட்டேன்.

பிறகு ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் செக்யூரிட்டி வந்து அக்காவையும் என்னையும் கம்பெனி கேட்டுக்குக் கூப்பிட்டார். பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு அக்காவைத் தனியாக இழுத்தார். தனியாக என்றால் ஓர் அடி தள்ளி. எனக்கு எல்லாம் கேட்டது.

"கண்ணு, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். எங்க பொண்ணு நேத்து வாயத் தெறந்து சொல்லிச்சி. அதுக்கும் அந்த லேட்டன்சி கீதாம். சின்னதுலேர்ந்தே கீதாம். நாங்க பெத்தவங்க, எங்களுக்கே தெரியலம்மா." அவர் கண் கலங்கியிருந்தது. "நான் போய் நீ கூட்டியாந்த பையன வேணாம்னு சொல்லிட்டனே. இப்ப நீதான் சொல்லணும். ரெண்டு பேருக்கும் இருந்தா கட்டி வெக்கலாமா, கூடாதா?"

அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். வியாதி இல்லை என்று மறுபடி முதலிலிருந்து சொல்வதா, பெட்டி என்ற சொல்லே வராமல் எப்படிச் சொல்வது, இங்கிலீஷ் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று அவர் மனது ஓடுவது தெரிந்தது. ஊரையே ஒரு சொல்லில் அளந்து வைத்திருந்தவருக்கு அன்று ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

"கட்டி வெக்கலாங்க மாமா" என்றேன் நான்.

இருவரும் திரும்பினார்கள். கேள்வி முடிந்து ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது. டெஸ்டரில் நம்ப முடியாத ஓர் எண் வந்தால் பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார் அக்கா. அப்படி வந்தால் அவர் ஒருபோதும் அதை எழுதிக்கொள்ளமாட்டார். இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பார்.

"டேய்" என்றார். "இன்னொரு வாட்டி சொல்லு."

இரண்டாம் முறை சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் இருவரும் அந்த வெயிலில் கேட்டருகே நின்று காத்துக்கொண்டிருந்தார்கள்.